வேர் எதில் இருக்கிறது?

முன்னோர் பிறந்த மண்ணைவிட்டு வெகுதொலைவில் வளரும் ஒரு குழந்தைக்கு அம்முன்னோரோடு உள்ள உறவு எதனால் அமைகிறது? குருதியாலா, மொழியாலா, வழிபாட்டாலா? தமிழர் மேடைகளில் இவ்வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. மொழி போயிற்றென்றால் இனம் போயிற்று என்பதே அது. கேட்பதற்கு உறுதியாகத் தோன்றும் இவ்விடை மலாக்கா மாநிலத்தில் சற்றே தடுமாறுகிறது.

ஜாசின் மாவட்டத்துப் பெம்பானிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகளின் கம்பம் உள்ளது. சுல்தான்கள் ஆண்ட பதினைந்தாம் நூற்றாண்டில் வாணிகத்தின்பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்டிரின் மரபுடை கெபாயாவும் சாரோங்கும். ஆயினும் பிள்ளை, நாயக்கர், பத்தர் என்னும் பெயர்கள் அழியவில்லை. போகியன்று இறந்தோரை நினைந்து வாழையிலை விரித்துப் படையலிடுகின்றனர். அதற்குப் 'பராச்சு' என்று பெயர். இலையில் இருப்பது நாசி லெமாக்காக இருக்கலாம்; இலை வாழையிலைதான். மாரியம்மனுக்கு அவர்கள் எடுக்கும் விழா 'டத்தோ சாச்சார்' எனப்படும். சாச்சார் என்பது அம்மை நோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். விழாவின் பெயர் வேற்றுமொழிக்கு மாறியபின்னும், அவள் எதற்காக வணங்கப்பட்டாள் என்பது மறக்கப்படவில்லை.

இம்மக்கள் தமிழை இழந்தது பற்றின்மையால் அன்று. 1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் டச்சுக்காரரும் மலாக்காவைக் கைப்பற்ற, பழைய கடல்வாணிகம் படிப்படியாக அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அதற்கும் முன்பே மற்றொன்று நிகழ்ந்திருந்தது. கப்பலேறி வந்தோர் பெரும்பாலும் ஆடவர். அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். தந்தை கோயிலைக் கொடுத்தான். தாய் தன் பேச்சைக் கொடுத்தாள். தாய்மொழி என்னும் சொல்லின் முழுப்பொருளும் காஜா பேராங்கில்தான் விளங்கும்போலும்!

தோட்டத் தமிழரின் கதை வேறு. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து பால்மரக் காடுகள் பெருகின. கங்காணிமாரின் வழியாக ஊரும் உறவுமாகத் தமிழர் வந்தனர். நாளடைவில் பெண்களும் பிள்ளைகளும் உடன் வந்தனர். லயத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் தமிழிலேயே ஒலித்தன. தோட்டத்திலேயே பள்ளி எழுந்தது. தொழிலாளர் உதவிபெற்று மலாயாவுக்குக் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு தடுத்தபின்னும் மொழி தளரவில்லை. 1924இல் தோன்றி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏடுகளும் துணைநின்றன. இவர்கள் தமிழைக் காத்தனர் என்று பெருமை கொள்வது தகும். ஆனால், தோட்ட எல்லைக்குள் அடைபட்டு, பிறரோடு கலக்க வழியின்றி வாழ்ந்தமையும் அம்மொழியைக் காத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வறுமையும் ஒருவகையில் காவலாயிற்று. தமிழறியாச் செட்டிப் பிள்ளையை எள்ளி நகையாடும் தோட்டத்துப் பிள்ளை இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

வேருக்குப் பெயரிடுவதும் பலநேரம் அயலாரே. இந்நாட்டுக்கு வந்த சீக்கியர் நெடுங்காலம் 'வங்காளிகள்' என்றே அழைக்கப்பட்டனர். கல்கத்தாவில் கப்பலேறி வந்ததே அதற்குக் காரணம் என்பர். அவர்களோ, யார் எப்படி அழைத்தபோதும், தம் குருத்துவாராக்களில் பிள்ளைகளுக்குப் பஞ்சாபி எழுத்தைக் கற்பித்து வந்தனர்.

எனின், மொழியை இழப்பதால் கேடொன்றும் இல்லை என்று ஆறுதல் அடையலாமா? அதுவும் முடியாது. மலாக்கா நகரின் பொய்யாத விநாயகர் கோயில், செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டி டச்சு ஆட்சியினரிடம் பெற்ற நிலத்தில் 1781இல் கட்டப்பட்டது. அதன் நிருவாகத்தை 1962 முதல் நகரத்தார் கவனித்து வருகின்றனர். நகரத்தாரின் தொண்டு குறைகூறத்தக்கதன்று. ஆயினும், தன் பாட்டன் எழுப்பிய கோயிலின் அருச்சனையைப் பொருள் விளங்காமல் கேட்டு நிற்கும் ஒருவனுக்குச் சடங்கு மிஞ்சியிருக்கிறது. அச்சடங்கை வினவவும் விளக்கவும் வேண்டிய சொல் மிஞ்சவில்லை. வழிபாடு உறவைக் கட்டிக் காக்கும். அவ்வுறவோடு வாதாடுவதற்கு மொழி வேண்டும். வாதாட இயலாத மரபை அப்படியே ஏற்கலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம், வேறு வழியில்லை.

இன்று பால்மரம் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடுகள் எழுந்துள்ளன. லயத்தை விட்ட குடும்பங்கள் தாமான்களில் வாழ்கின்றன. தமிழை நன்கறிந்த பெற்றோருள் சிலர், பள்ளிப் படிப்புக்குத் தடையாகுமோ என அஞ்சி, மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் குழந்தையோடு பேசுகின்றனர். பிழைப்பைப் பற்றிய அவ்வச்சம் ஏளனத்துக்குரியதன்று. தோட்டத்தில் பட்ட துன்பமே அதன் தாய். என்றாலும், காஜா பேராங்கின் தாய் தன்னிடம் இல்லாத மொழியைக் கொடுக்கவில்லை. தாமானின் தாய் தன்னிடம் இருப்பதை வைத்துக்கொண்டே கொடுக்க மறுக்கிறாள். முன்னதற்கு வரலாறு பொறுப்பு. பின்னதற்கு வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அத்தகைய வீட்டில் பெரும்பாலும் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். அவள் தமிழில் கேட்கிறாள்; பேரன் மலாயில் விடை சொல்கிறான். சில ஆண்டுகளில் அவளே பேரனுக்காகத் தன் கேள்விகளை மலாய்க்கு மாற்றிக்கொள்கிறாள்.