மூலையில் கிடந்த கேமரா

2013 செப்டம்பரில் சிரியாவில் எடுத்த படம் அது. போர்முனையில் ஒரு கிளர்ச்சிப் படைவீரர். படத்தின் மூலையில், சக செய்தியாளர் ஒருவரின் வீடியோ கேமரா கிடந்தது. படமெடுத்த நார்சிசோ கான்ட்ரெராஸ், அது கவனத்தைக் கலைக்கும் என்று நினைத்து, பக்கத்துத் தரையையே நகலெடுத்து அதன்மேல் ஒட்டி மறைத்தார். பின்னர் அவரே அதைச் சொல்லவும் செய்தார். 2014 ஜனவரியில் ஏபி செய்தி நிறுவனம் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. அவரது ஏறக்குறைய 500 படங்களைச் சோதித்தும் வேறெதிலும் அவர் கைவைத்ததாகத் தெரியவில்லை. அவர் புலிட்சர் பரிசு வென்ற குழுவில் இருந்தவரும்கூட.

கேமரா மறைந்ததால் போர் மாறிவிட்டதா, இதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செய்திப் படம் சாட்சி சொல்ல வருகிறது. வாசகர் சிரியாவுக்குப் போய்ச் சரிபார்க்க முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று சாட்சியே கூட்டிக் குறைத்துக்கொண்டால் மிச்சத்தை எதை வைத்து நம்புவது? அதோடு, அந்த வீரரின் அருகே செய்தியாளர்கள் இருந்தார்கள் என்பதும் அந்தக் களத்தின் உண்மை. தண்டனை கடுமையானது, சரியானதும்கூட.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் வெளியிட்டது. ஜன்னலில் தெரிந்த மங்கலான காட்சிக்குப் பதில், தண்ணீரில் மூழ்கிய கட்டடங்கள் பளிச்சென்று ஒட்டப்பட்டிருந்தன. ஊரே சிரித்த பிறகு படம் நீக்கப்பட்டது. பிரதமர் வந்தது உண்மை, வெள்ளமும் உண்மை. இரண்டையும் சேர்த்து ஒட்டியதில் பிறந்தது பொய்.

எல்லாத் திருத்தமும் குற்றமில்லை. கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் முகப்பருவை மறைத்தால் யாரும் ஏமாறுவதில்லை. அதே படம் வரன் பார்க்கத் தரகர் கைக்குப் போனால் கணக்கு வேறு.

அழகுக் கிரீம் விளம்பரம் இந்த இரண்டாவது வகை. அங்கே முகம்தான் சரக்கின் சான்று. 2011இல் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த லான்கோம் விளம்பரத்தைப் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை செய்தது. படத்தில் தெரியும் பலன் பூச்சினுடையதா, கணினியினுடையதா என்பதை நிறுவனம் நிரூபிக்கவில்லை. பிரான்சில் 2017 முதல், மாடலின் உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட வேண்டும். தவறினால் 37,500 யூரோ அபராதம். நல்ல சட்டம்தான், ஆனால் போதாது. மூலையில் உள்ள சிறிய எழுத்தைப் படிப்பதற்குள் படம் தன் வேலையை முடித்துவிடுகிறது. பொருளின் பலனைக் காட்டும் படத்தில் திருத்தமே கூடாது என்பதுதான் முறை.

செய்திப் படத்தில் ஒரு பிடி மண்ணைத் திருத்தியவரை வெளியேற்றும் ஊடகம், பின்னட்டை விளம்பரத்தையும் அதே கண்ணால் பார்க்கட்டும். காசு வாங்குமுன் மூலப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.