ஓடும் பிள்ளையின் பாடவேளை

வலயத்தில் வென்றால் மாகாணம், மாகாணத்தில் வென்றால் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டி. ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி இந்தப் படிகளில் ஏற ஏற, வகுப்பறையில் அவள் இல்லாத நாட்களும் கூடிக்கொண்டே போகும். பதக்கம் வந்தால் காலைக் கூட்டத்தில் கைதட்டல். கிண்ணம் அதிபரின் அலுமாரிக்குப் போகும். விடுபட்ட கணிதப் பாடம் மட்டும் அவள் பெயரில் கடனாக நிற்கும். வெற்றியைப் பாடசாலை பங்குபோட்டுக்கொள்ளும்போது, இழப்பை அவள் தனியாகச் சுமப்பது நியாயமா?

"ஓட்டத்த விட்டுட்டுப் படி" என்பதே லயன்களில் வழக்கமாகக் கேட்கும் பதில். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. உயர்தரத்துக்குப் போக, சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அப்படிப்பட்ட சம்பளத்துக்காக அட்டைக்கடியோடு கொழுந்து பறிக்கும் தாய், மகளாவது மலையேற வேண்டாம் என்று நினைப்பதில் என்ன பிழை?

ஆனால் அந்தப் பதிலுக்குள்ளும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாமை மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய நோய். ஆளில்லாத வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையும் பரீட்சையில் தவறுகிறது, மைதானத்தில் நின்ற பிள்ளையும் தவறுகிறது. பழி மட்டும் இரண்டாவது பிள்ளையின் காலுக்குத்தான். நிர்வாகம் செய்யாத வேலைக்கு விளையாட்டைக் குற்றவாளியாக்குவது வசதியான பழக்கம்.

மறுபக்கத்தில், திறமை இருந்தால் போதும் என்பவர்கள் முரளிதரனைக் காட்டுவார்கள். 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன், டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்தவர். உண்மைதான். ஆனால் அவருடைய தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். பந்து சுழலாமல் போயிருந்தாலும் வீட்டில் சோற்றுக்குக் குறைவிருந்திராது. விழுந்தால் தாங்க மெத்தை விரித்திருந்தவரின் பாய்ச்சலை, வெறும் தரையில் நிற்கும் பிள்ளைக்கு முன்மாதிரியாகச் சொல்வது அரைகுறை அறிவுரை. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுச் சாதனையாளருக்குச் சில சிறப்பிடங்கள் உண்டு. அங்கேயும் உயர்தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும். மைதானத்துப் பாதையும் பரீட்சை மண்டபத்துக்குள் புகுந்துதான் வெளியே வருகிறது.

அப்படியென்றால் விளையாடும் பிள்ளைகளை மாலையில் கட்டாயமாக உட்காரவைத்துப் படிப்பிக்கலாமே? அமெரிக்கக் கல்லூரிகளில் 'படிப்பு மண்டபம்' என்று இது நெடுநாளைய ஏற்பாடு. விளையாட்டுக்கென வாரத்துக்கு 20 மணிநேரம் என்ற வரம்பும் 1991இலிருந்து இருக்கிறது. ஆனால் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை நடந்ததை மறக்கக்கூடாது. வகுப்பே கூடாத பாடங்கள். ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல புள்ளி. 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இவற்றில் சேர்ந்திருந்தனர், கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அவர்களில் பலரை அங்கே அனுப்பிவைத்தவர்கள், படிப்பில் துணைநிற்க வேண்டிய ஆலோசகர்களே. வீரர் களத்தில் இறங்கத் தகுதி வேண்டும், தகுதிக்குப் புள்ளி வேண்டும். அறிவு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. படிக்கவைப்பதன் நோக்கம் அடுத்த போட்டியாக இருந்தால், படிப்பு மண்டபமும் ஆடுகளத்தின் ஒரு மூலைதான்.

மலையகத்தில் அப்படியொரு மண்டபம் அமைத்தாலும் வேறொரு சிக்கல் வரும். பாடசாலை விட்டபின் பயிற்சி, பிறகு பஸ், இறங்கியபின் தேயிலை மலைக்குள் நடை, வீட்டில் தம்பி தங்கை. இவற்றுக்கு மேல் ஒரு மாலை வகுப்பென்றால் அது அவளுடைய தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்கப்படும். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கொடுக்கல் வாங்கலின் சாதாரண நீதி. பாடசாலையின் பெயருக்காக எடுத்த நேரத்தைப் பாடசாலையின் நேரத்திலிருந்தே ஈடுகட்ட வேண்டும்: பயிற்சி நாளொன்றைக் குறைத்தோ, ஆசிரியர் இல்லாத பாடவேளையில் இன்னொருவரை அமர்த்தியோ. இதனால் ஒரு பதக்கம் கைநழுவலாம். அந்த நட்டம் அலுமாரிக்கு. அதை அலுமாரி தாங்கும்.

ஆசிரியரே இல்லாத இடத்தில் ஈடு எங்கிருந்து வரும் என்று ஓர் அதிபர் கேட்டால், அந்தக் கேள்வி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டியது, பிள்ளையின் வீட்டுக்கு அல்ல. அதுவரை ஒரு சிறு காரியம் செய்யலாம். போட்டிக்கு அழைத்துப்போகுமுன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் கடிதத்தில், பஸ் புறப்படும் நேரத்தோடு, எந்தெந்தப் பாடம் விடுபடும், அதை யார் எந்த நாளில் படிப்பித்துக் கொடுப்பார் என்பதையும் எழுதி, அதிபரும் கீழே கையெழுத்திடலாம்.