நாம் நமக்கே சொல்லும் பொய்



இரண்டாம் ஆண்டில் தெர்மோடைனமிக்ஸ் சோதனைக்கு முந்தின இரவு, ஸ்கூடாய் வாடகை வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "எல்லாம் படிச்சிட்டேன்மா, முருகன் பார்த்துக்குவார்" என்றேன். நோட்ஸை மூன்று தடவை வாசித்திருந்தேன்; பக்கமெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர். கிடைத்தது 100-க்கு 31.

"படிச்சேன்னு சொன்னியேப்பா?" என்று அம்மா கேட்டார். நான் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நம்பினேன். அப்படியென்றால் பொய் எங்கே இருந்தது?

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்தோ, வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது சுமார் 40 விழுக்காடு, எழுதியவர்களுக்கு 61. ஆனால், 'நன்றாக ஞாபகம் இருக்கும்' என்று அதிகம் நம்பியது வாசித்த குழுதான்!

பழகின பக்கத்தைப் பார்த்தால் 'இது தெரியும்' என்று மனசு சொல்லிவிடும். வெற்றுத்தாள் அப்படிச் சொல்லாது, தெரியாததைக் காட்டிவிடும். நான் பயந்தது பாடத்துக்கு இல்லை, அந்தத் தாளுக்கு.

பதஞ்சலி முனிவர் ஐந்து இயமங்களில் அகிம்சைக்கு அடுத்ததாகச் சத்தியத்தை வைத்தார். பிறரிடம் பொய் சொல்லாமல் இருப்பது அதில் பாதிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போ சாமி கும்பிடுவது வீணா? இல்லை. சரஸ்வதி பூஜையில் புத்தகத்தை அம்பாள் முன் வைக்கிறோம். விஜயதசமியன்று எடுத்துப் படிக்கிறோம். நான் வைத்ததோடு நின்றுவிட்டேன். தைரியத்தைக் கேட்டிருக்க வேண்டும், புள்ளியைக் கேட்டேன்.

பகுதிநேர வேலை முடித்து, களைத்துப்போய்ப் படிக்க உட்காருகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் தோற்றால் 'நேர்மை இல்லை' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா, கிடைப்பது ஒரு மணி நேரமே என்றாலும், அதில் நம்மையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாமே.

இப்போது பாடம் முடிந்ததும் நோட்ஸை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதுகிறேன். விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்கிறேன்; ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதுகிறேன். அடுத்த சோதனையில் 58. பெரிய புள்ளி இல்லைதான். ஆனால் முந்தின இரவு அம்மாவிடம், "மூணு அத்தியாயம் தெரியும்மா, ஒண்ணு இன்னும் சரியா வரல" என்று உண்மையைச் சொல்ல முடிந்தது.

நீங்களும் இன்றைக்கே ஒரு வெற்றுத்தாளை எடுத்துப் பாருங்களேன்.