குழவி நோயும் வினைக்கொள்கையும்

தலைக்குள் குருதி பெருகிப் பச்சிளங்குழவி மாண்டவிடத்து, "தாய் செய்த வினை பிள்ளையைத் தாக்கிற்று" என்பாரை நாஞ்சினாட்டு இராஜாக்கமங்கலம் முதலாகப் பல்லூர்களினுங் காணலாம். "வினையே காரணமாயின் மருந்து எற்றுக்கு?" என வினவுவாருமுளர். இவை சித்தாந்தத்துக்கு ஒத்தனவா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் நோயினியல்பு காண்பாம். குருதிநாளம் புடைத்து வெடித்தல் சிசுக்களிடத்து மிக அரிது. 32 வாரத்துக்கு முன் பிறந்தார்க்கு மூளையின் உட்புறத்து நுண்ணாளங்கள் உடைதலுண்டு. பிறிதொருவகை வைட்டமின் கே குறைவால் வருவது. குருதி உறைதற்கு வேண்டும் இச்சத்து நச்சுக்கொடிவழி மிகச் சிறிதே செல்லும்; தாய்ப்பாலினுங் குறைவு; பிறந்த குழவியின் குடலில் அதனையாக்கும் நுண்ணுயிர்களும் இன்னும் குடியேறியிரா. ஆதலின் நன்கு பாலுண்டு வளரும் பிள்ளைக்கும், பெரும்பாலும் 2 முதல் 12 வாரத்துக்குள், திடீரெனத் தலையிற் குருதி பெருகக்கூடும். இச்சத்தைக் கண்ட ஹென்ரிக் டாம், அதன் இரசாயன இயல்பை யறிந்த எட்வர்டு டாய்சி ஆகிய இருவரும் 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றனர். பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசியிடின் இது பெரும்பாலும் வாராது. எல்லாக் குழவிகட்கும் அதனை யிடுமாறு இந்திய அரசு 2014இல் நெறி வகுத்தது.

இனி, தாயின் வினை யென்றது பொருந்தாது. உயிர்கள் பல, ஓருயிரின் வினை பிறிதோருயிரைச் சாராது. பிள்ளை நுகர்வது தன் பிராரத்தமே. தாயுறுந் துயர் அவள் பிராரத்தமாயினும், இன்ன குற்றத்தின் பயன் இதுவெனச் சுட்டுதல் இறைவனொருவற்கே கூடும். அயலார்க்கு அவ்வுரிமை தருஞ் சூத்திரம் சிவஞானபோதத்துப் பன்னிரண்டினும் இல்லை.

அற்றேல், பிராரத்தம் நுகர்ந்தே கழிதலின் மருந்து வீணெனின், அற்றன்று. வினை சடமாதலின் தானே சென்று பயனூட்டாது, இறைவனே கூட்டுவன். நோயைக் கூட்டியவன் மருத்துவன் கையையுங் கூட்டுவன். ஊசியாற் பிழைத்த குழவிக்கு அவ்வாழ்நாளும் பிராரத்தமே. அறிந்தும் அதனை விலக்கினார்க்கோ அச்செயல் ஆகாமியமாய் ஏறும். கொல்லி மழவன் மகள் முயலகனால் வருந்தக் கண்ட ஆளுடைய பிள்ளையார், பழவினையென்று கூறி அகன்றாரல்லர். கொடிமாடச்செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோதும் அங்ஙனமே திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார்.

காலன் என்னும் பண்டை யவன மருத்துவன் பெயரால் வழங்கும் மூளைப் பெருஞ்சிரை, கருவிலேயே தமனிகளோடு நேரே கலந்து வீங்கும் நோயோ ஊசியால் தடுக்கப்படுவதன்று. நாளத்தின்வழி நுண்குழாய் செலுத்தி அதனை அடைப்பர். சில குழவிகள் பிழைக்கின்றன. சில பிழைத்துங் குறையோடு வளர்கின்றன. அத்தகு பிள்ளையை வளர்ப்பாள் ஒருத்திக்குச் செய்யுந் துணை பசுபுண்ணியமோ சிவபுண்ணியமோ என்பது தனியே விரித்தற்குரியது.