இடிபாட்டின் அழகும் பார்ப்பவன் கடனும்

பயன் ஒழிந்த பொருளை மனிதன் வீசிவிடுகிறான். பயன் ஒழிந்த கட்டடத்தையோ தேடிச்சென்று பார்க்கிறான். கூரை இழந்த மண்டபமும் வேர் பிளந்த சுவரும் முழுமையான மாளிகை தராத ஓர் இன்பத்தை அவனுக்கு அளிக்கின்றன. இவ்வின்பம் எத்தகையது? அதனை நுகர்வதற்கு நமக்கு எப்பொழுதும் உரிமை உண்டா? இவ்விரு வினாக்களையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

மன்னார் மாவட்டத்து அரிப்புக் கடற்கரையிலே, ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யுங் காலத்தில் தங்குவதற்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். கிரேக்கரின் டொரிக் தூண்முறையைத் தழுவிய அம்மாளிகையைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கி வருகிறது. மக்கள் வழக்கில் அது அல்லிராணிக் கோட்டை எனவும் பெயர் பெற்றுவிட்டது. அதிகாரத்தின் செருக்கு உப்புக்காற்றில் உதிர்வதைக் காண்பதில் ஒரு நிறைவு உண்டு. ஜேர்மனியச் சிந்தனையாளர் ஜோர்ஜ் சிம்மல் 1907இல் இடிபாடு பற்றி எழுதிய கட்டுரையில் இந்நிறைவுக்குக் காரணம் காட்டுகிறார். மேனோக்கி எழும் மனித முயற்சியும் கீழ்நோக்கி இழுக்கும் இயற்கையும் இடிபாட்டிலே இணக்கம் காண்கின்றன என்பது அவர் கருத்து. ஆயினும், மனிதனே இடித்தழித்தவற்றில் அக்கவர்ச்சி இல்லை என்று அவர் ஒரு விலக்கும் கூறுகிறார்.

அவ்விலக்கு நமக்கு மிக அண்மையானது. யாழ்ப்பாணக் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706இல் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990ஆம் ஆண்டுப் போரிலே தகர்ந்தது. அவ்வாண்டிலேயே வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பலர் தம் காணிகளை மீண்டும் கண்டது 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரே. எஞ்சி நின்ற வீடுகளுள் அப்பொழுது மரங்கள் வளர்ந்திருந்தன. இலைகளூடே வரும் வெயில் அங்கும் சுவரிற் படிந்து அழகு செய்கிறது. கண்ணுக்கு அரிப்பும் இவ்வீடும் ஒன்றே. வேறுபாட்டை அறிவே உணர்த்துகிறது.

இத்தகைய வீட்டைக் 'கைவிடப்பட்ட வீடு' என்கிறோம். செயப்பாட்டுவினை செய்தவனை மறைக்க வல்லது. கைவிட்டவர் யார்? விரும்பிச் சென்றாரா, துரத்தப்பட்டாரா? இவற்றைக் கேளாது உள்நுழைந்து, கொடி படர்ந்த அடுக்களையைப் படம்பிடித்து மகிழ்பவன் பிறருடைய இழப்பைத் தன் சுவைக்கு உணவாக்குகிறான்.

எல்லா இடிபாட்டிலும் துன்பம் உண்டே, அரிப்பு மாளிகையின் பின்னாலும் முத்துக்குளிப்போர் உயிரைப் பணயம் வைத்த உழைப்பு இருந்ததன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. காலம் துன்பத்தை நீதியாக்குவதில்லை. அத்துன்பத்துக்கு நியாயங் கேட்க வருவோரை அகற்றிவிடுகிறது, அவ்வளவே. ஆதலின் அரிப்பிலும் அறிந்து பார்க்கும் கடன் நமக்கு உண்டு. உரியவர் உயிரோடிருக்கும் வீட்டிலோ அக்கடன் மேலும் பெரிது. அங்கே நாம் அழைக்கப்படாத விருந்தினர்.

இதனால் அழகுணர்ச்சி குற்றம் என்றாகாது. கண் அழகைக் காண்பதை எவராலும் தடுத்தல் இயலாது. ஆனால், உள்ளே செல்லுமுன் வாசலில் நின்று இது யாருடையது என்று கேட்டறிதல் நம்மால் இயலும். அவ்வாறு கேட்டறிந்தவன் காணும் அழகில் துயரமும் கலந்திருக்கும். அதுவே இடிபாட்டை உள்ளவாறு காண்பதாகும்.