பெயர் ஒன்று, பொருள் இரண்டு

வல்லாரையை அறியாத இல்லம் நம்மிடையே இராது. ஈரம் வற்றாத வாய்க்கால் ஓரத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நீண்ட காம்பின் நுனியில் வட்ட இலையை ஏந்தி நிற்கும் சிறு பூண்டு அது. நம் நாட்டு மொழிகள் இதற்கு இட்டுள்ள பெயர்கள் இன்பம் தருவன. வடமொழியார் இலையைக் கண்டு தவளையை நினைந்து மண்டூகபர்ணி என்றனர். தெலுங்கர் பயனை நினைந்து சரஸ்வதி ஆகு என்றனர். கன்னடத்தாருடைய ஒந்தெலக என்னும் பெயருக்குள் ஓர் இலை இருக்கிறது. மலையாளத்தில் முத்தில், வங்கத்தில் தான்குனி, அஸ்ஸாமில் மானிமுனி, ஒரிய மொழியில் தால்குடி. ஒருவர் உருவைக் கண்டார்; மற்றொருவர் பயனைக் கண்டார். ஒருவர் கண்டது மெய்யாதலால் மற்றவர் கண்டது பொய்யாகிவிடாது. அநேகாந்தம் பயின்ற நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதால் இடரில்லை. பல பொருளுக்கு ஒரு பெயர் இருப்பதிலேதான் இடர் தொடங்குகிறது.

வடஇந்தியாவின் பல பகுதிகளில் மருந்துச் சரக்குக் கடையில் பிரம்மி வேண்டுமென்றால் இந்த வல்லாரையையே தருவர். கேரளத்திலும் வங்கத்திலும் பிரம்மி என்பது வேறொரு செடி, தமிழில் நீர்ப்பிரமி. அதன் இலை சிறியது, சதைப்பற்றுடையது, காம்பின்றி எதிரெதிராய் அமைவது, மிகவும் கசப்பது. இரண்டும் நினைவாற்றலுக்கு உகந்தவை எனப் போற்றப்படுவதால் குழப்பம் மிகுந்தது. ஆனால் சரகர் அறிவு வளர்க்கும் இரசாயனங்களாகக் குறித்த நான்கனுள் மண்டூகபர்ணிக்கு இடமுண்டு, பிரம்மிக்கு இல்லை. அரசு வெளியிட்ட ஆயுர்வேத மருந்து நூலும் இரண்டையும் வெவ்வேறாகவே வைத்துள்ளது. சங்கபுஷ்பி என்னும் பெயரும் இவ்வாறே வடக்கே ஒரு செடியையும் கேரளத்தில் நம் சங்குப்பூவையும் குறிக்கிறது.

வல்லாரையைப் பிரம்மி என்று விற்கும் வடநாட்டு வணிகர் பொய்யரா? அல்லர். தம் ஊர் வழக்கையே அவர் கூறுகிறார். ஆனால் அவ்வழக்கையும் அறிந்து, வாங்குபவர் வழக்கையும் அறிந்து, இரண்டிற்கும் இடையே நின்று வாய் திறவாமல் சரக்கைக் கைமாற்றுபவர் ஒருவர் உண்டு. அவர் கூறிய சொல்லில் பொய் இல்லை. சீட்டில் எழுதியதும் பிரம்மியே. கொடுத்ததும் ஓரூரார் பிரம்மி என்பதே. பிறகு அவர்மேல் என்ன குற்றம்?

நம் ஆசாரியர்கள் இதனை ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில், ஒன்றைப் போன்ற மற்றொன்றைக் கொடுத்து வாணிகம் செய்தல் பொய்யாமை விரதத்தின் அதிசாரமாகக் கூறப்படவில்லை. கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள், கள்ள எடைக்கும் கள்ள அளவுக்கும் அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நாம் உணர்ந்த அளவில் காரணம் இது: பொய்யென்று மட்டும் கொண்டால், சொற்களைச் சாதுரியமாக அடுக்கித் தப்பிவிடலாம். களவு என்றால் அத்தப்பு வழி அடைபடுகிறது. வாங்கியவர் விரும்பியது அவர் கைக்கு வந்ததா என்பது ஒன்றே கேள்வி.

“இரண்டும் நல்ல மூலிகைகளே, யாருக்கு என்ன கேடு?” என்பாரும் உளர். வல்லாரையும் நீர்ப்பிரமியும் நஞ்சல்ல என்பது மெய்யே. ஆயினும் பெயர்க் குழப்பம் எதுவரை செல்லும் என்பதற்குப் பெல்ஜியம் நாட்டு நிகழ்ச்சி சான்று. பிரஸ்ஸெல்ஸ் நகரில் உடல் இளைக்க மருந்துண்ட பெண்களின் சிறுநீரகம் பழுதுற்ற செய்தி 1993இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. மருந்தில் சேரவேண்டிய சீன மூலிகையின் பெயர் ஃபாங் ஜி. சேர்ந்ததோ குவாங் ஃபாங் ஜி என்னும் வேறொன்று. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைக் கடந்தது.

இலத்தீன் பெயர் இருக்கக் கவலை ஏன் எனலாம். அதுவும் மாறுவதே. லின்னேயஸ் 1753இல் ஹைட்ரோகோடைல் ஏசியாட்டிகா என்று பெயரிட்ட வல்லாரை 1879இல் செண்டெல்லா ஏசியாட்டிகா ஆயிற்று. ஆனால் அத்துறையார் பழைய பெயரை மறைப்பதில்லை; புதியதோடு பிணைத்தே எழுதி வைக்கின்றனர். அந்நேர்மை பாராட்டத்தக்கது.

நம் நாட்டிலும் அதற்கு முன்மாதிரி உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த மலபார்த் தாவர நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. ஒவ்வொரு செடியின் படத்தோடும் அதன் பெயர் பல எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. தகவல் கூறிய மலையாள வைத்தியர் இட்டி அச்சுதன் தம் கையொப்பமிட்டுச் சான்றளித்தார். அச்சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளது. பெயரைச் சொன்னவர் அதற்குப் பொறுப்பும் ஏற்றார். பொருளைக் காட்டியபின் பெயரைச் சொல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று; அந்நூலின் படங்கள் செய்ததும் அதுவே.

தேர்வுக் காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் பிரம்மி வாங்கும் நம் இல்லத்தார் புட்டியின்மேல் உள்ள சிற்றெழுத்தைப் படிப்பாராக. பாகோப்பா என்றிருந்தால் நீர்ப்பிரமி; செண்டெல்லா என்றிருந்தால் வல்லாரை. கடை நடத்தும் நம்மவர் “எந்தப் பிரம்மி?” என்று கேட்டே கொடுப்பாராக. பச்சிலையாய் இருக்கும்போது சிறு பிள்ளையும் இரண்டையும் பிரித்தறியும். உலர்த்திப் பொடியாக்கிய பின், வாங்குவோருக்கு விற்பவரின் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை.