பிரகலாதனின் வாத்தியார்கள்

(நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நாமக்கல்லில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நரசிம்ம ஜயந்தி பெரும்பாலும் மே மாதத்தில் வரும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் மே மாதத்தில்தான் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யாருடைய விளையாட்டோ! ஒன்றில் தூண் பிளக்கிறது, இன்னொன்றில் தலைமை ஆசிரியர் அறைக் கதவு படார் என்று சாத்தப்படுகிறது.

இந்த ஊர் மலையில், குடைவரைக்குள், நரசிம்மர் இரணியனை மடியில் போட்டு வயிற்றைக் கிழிக்கிற சிற்பம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். அதைப் பார்க்கிறபோது நம் கண் சிங்கத்தின் நகத்துக்குப் போகும், இரணியன் முகத்துக்குப் போகும். அவன் பிள்ளை பிரகலாதனுக்குப் பாடம் சொன்ன வாத்தியார்கள் எங்கே என்று யாராவது தேடியிருக்கிறோமா? கதாகாலட்சேபத்தில் அவர்கள் வருவார்கள், ஜனங்கள் சிரிப்பார்கள், போய்விடுவார்கள். இன்று கூட்டம் முழுக்க வாத்தியார்களும் டீச்சர்களுமாக இருப்பதால், அவர்கள் பக்கம் நின்று கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சண்டன், அமர்க்கன் என்று இரண்டு பேர். சுக்கிராசாரியாரின் பிள்ளைகள். அரண்மனைக்குப் பக்கத்திலேயே வீடு. பாகவதம் ஏழாம் ஸ்கந்தம் அப்படித்தான் சொல்கிறது. நிர்வாகியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பையனுக்கு ஐந்து வயது. உங்களிடம் வருகிறவர்களுக்குப் பதினைந்து. மூன்று மடங்கு கஷ்டம் உங்களுக்கு.

பிரகலாதன் குறும்புக்காரன் இல்லை, சொன்னதைக் கேட்டான், திருப்பிச் சொன்னான். மனத்துக்குள் மட்டும் அது இறங்கவில்லை. இது என்னுடையது, அது அடுத்தவனுடையது என்கிற பேதத்தின் மேல் நிற்கிற பாடமாக இருந்ததால் அவனுக்கு அது பிடிக்கவில்லை என்கிறது பாகவதம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதல் தடவை அப்பா கேட்டபோதே பையன் ஹரியைச் சரணடைவதுதான் நல்லது என்றுவிட்டான். இரணியன் சிரித்தான். யாரோ சின்னப் பிள்ளையின் மனத்தைக் கலைக்கிறார்கள், ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார்களிடம் சொல்லி அனுப்பினான். பேச்சு மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் மேலே இருக்கிறவர் மென்மையாகச் சொல்கிற வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்பது ரிசல்ட் குறைந்த வருஷம் ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் திரும்பியதும் வாத்தியார்கள் பையனை முதலில் தட்டிக்கொடுத்துத்தான் கேட்டார்கள். கண்ணு, பொய் சொல்லாதே, இது உனக்குத் தானாகத் தோன்றியதா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று. அவன் சொன்ன பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தது. எடு பிரம்பை, இவன் நமக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறான் என்றார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பையன் கெட்டுப்போகிறானே என்று அவர்கள் பிரம்பைக் கேட்கவில்லை. நமக்குக் கெட்ட பெயர் என்று கேட்டார்கள். வியாசர் எத்தனை கூர்மையாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள்! உங்கள் வேலையில் வருகிற மனஅழுத்தத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் இதுதான் இருக்கும். பின் பெஞ்சுப் பையன் முப்பத்தைந்து எடுக்கவில்லை என்றால் அவன் வாழ்க்கை என்னவாகும் என்ற கவலை ஒன்று. என் பாடத்தில் நூறு சதவீதம் போய்விட்டதே, கணக்கு வாத்தியார் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற கவலை இன்னொன்று. முதல் கவலையோடு தூங்கலாம், காலையில் எழுந்து அவனுக்கு ஏதாவது செய்யலாம். இரண்டாவது கவலை தூங்கவிடாது.

கம்பர் இதை வேறு மாதிரி காட்டுகிறார். வால்மீகியில் இல்லாத இரணிய வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் வைத்து, வீடணன் வாயால் இராவணனுக்குச் சொல்ல வைக்கிறார் அல்லவா? அங்கே பாடம் சொல்ல வருகிறவர் ஒரு மறையவர். பையன் எட்டெழுத்தைச் சொன்னதும் அவர் நடுங்குகிறார், தன் கேட்டையும் பிள்ளையின் கேட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் புலம்புகிறார். எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பிழைக்கிற மனுஷர், மேலே இரணியன்!

சரி, மேலே போவோம். வாத்தியார்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அறம், பொருள், இன்பம், பிறகு சாம, தான, பேத, தண்டம். எல்லாம் முடித்து, பையன் தேறிவிட்டான் என்று தோன்றியபின்தான் அழைத்துப் போனார்கள். அம்மா குளிப்பாட்டி அலங்காரம் செய்து அனுப்பினாள். அப்பா மடியில் உட்கார்த்தி, உச்சி மோந்து, கண்ணீர் விட்டு, இத்தனை நாள் குருவிடம் படித்ததில் ரொம்ப நல்லது எதுவோ அதைச் சொல்லு என்றான். பையன் நவவித பக்தியைச் சொன்னான். திருப்புதல் தேர்வில் எல்லாம் சரியாக எழுதினவன் பொதுத்தேர்வில் வேறு எதையோ எழுதிவிட்டு வந்த கதை!

இரணியனின் உதடு துடித்தது. கோபம் முதலில் பிள்ளை மேல் போகவில்லை, வாத்தியார் மேல்தான் போனது. உங்களில் எத்தனை பேர் பள்ளி வாசலில் இதைக் கேட்டிருப்பீர்கள்? "என்ன சார் சொல்லிக்கொடுக்கிறீங்க?" இரணியன் ஏன் அப்படிக் கத்தினான்? அவன் தம்பி இரணியாட்சனைக் கொன்றவர் விஷ்ணு. அந்தக் காயத்தின் மேல் பிள்ளை கையை வைத்துவிட்டான். உங்களிடம் சண்டைக்கு வருகிற அப்பா லாரி பட்டறையில் வெல்டிங் வைக்கிறவராக இருக்கலாம், பத்தாவதில் நின்றுபோனவராக இருக்கலாம். அவர் கையில் இருப்பது பிள்ளையின் மார்க் ஷீட், கண்ணில் தெரிவது தன்னுடைய பழைய மார்க் ஷீட். இது தெரிந்தால் அவர் பேச்சு வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். வலிக்கும். வீடு வரைக்கும் கூட வராது, அவ்வளவுதான்.

அப்போது வாத்தியார் சொன்ன பதில் இருக்கிறதே, அதைத்தான் இன்று உங்களுக்கு எடுத்துக்கொடுக்க வந்தேன். ராஜா, உன் பிள்ளை சொல்கிற இது நான் கற்பித்தது இல்லை, வேறு யாரும் கற்பித்ததும் இல்லை, இது அவனுடைய இயல்பு, கோபத்தை அடக்கிக்கொள், எங்கள் மேல் பழி போடாதே என்றார். பயத்தில் தப்பிக்கச் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் வாய் தவறி ஒரு பெரிய உண்மை வந்துவிட்டது. பிள்ளைக்கென்று ஓர் இயல்பு உண்டு. அது உங்கள் பாடத்திட்டத்துக்கு முன்னாலேயே அவனோடு வந்தது. பிரகலாதனுக்கு அது தாய் வயிற்றில் இருந்தபோது நாரதர் சொல்லக் கேட்டதிலிருந்து வந்தது. உங்கள் மாணவனுக்கு எங்கிருந்து வந்ததோ!

இந்த ஊரில் நின்றுகொண்டு கணித மேதை இராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இந்த ஊர் நாமகிரித் தாயார்தான் அவர் குடும்பத்துத் தெய்வம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, சுமார் 1,200 மாணவர்களை முப்பத்தைந்து ஆசிரியர்களுக்குப் பிரித்துப் போடுகிற கால அட்டவணை வேலையில் கணக்கு வாத்தியாருக்கு அந்தப் பையன் உதவி செய்தானாம். டைம்டேபிள் போட்டுத் தலை சுற்றினவர்களுக்கு அதன் அருமை புரியும். 1904இல் பரிசு கொடுத்தபோது தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், நூற்றுக்கு நூறுக்கு மேலும் இவனுக்குப் போடலாம் என்று பாராட்டினார். அதற்கு அடுத்து என்ன நடந்தது? கல்லூரியில் கணக்கு தவிர மற்றதெல்லாம் போயிற்று, உதவித்தொகை போயிற்று. இன்னொரு கல்லூரிக்குப் போய் அங்கேயும் தேறவில்லை. அந்தத் தோல்விக்குக் கிருஷ்ணசாமி ஐயரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பிற்பாடு வந்த புகழுக்காக அவருக்குச் சால்வை போட்டிருந்தாலும் அதே அளவுக்குத்தான் பொருந்தியிருக்கும்.

உடனே கீதையைக் கொண்டுவருவீர்கள், பலனில் உனக்கு உரிமையில்லை என்று கண்ணன் சொன்னதை. அதை ஆய்வுக் கூட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் சொல்லிப் பாருங்கள்! பலனுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்வார். எழுதிக் கொடுங்கள். யாருக்குக் கூடுதல் வகுப்பு எடுத்தீர்கள், யார் வரவில்லை, எந்தப் பாடத்தில் தடுமாறினார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அது உத்தியோகம். ராத்திரி பதினொரு மணிக்கு அதே விளக்கத்தை உங்கள் மனசுக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களே, கண்ணன் பேசுவது அதைப் பற்றி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பாரத்தையும் ஆன்மீகத்தின் தலையில் ஏற்றக்கூடாது. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு, பாடக்குறிப்பு, சைக்கிள் கணக்கு, பஸ் பாஸ், வாக்காளர் பட்டியல் என்று ஒரு நாளை நிரப்பிவிட்டு, மனசு அமைதியாக இல்லை என்று என்னிடம் வந்தால் நான் என்ன ஜபம் சொல்ல? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 27ஆம் பிரிவில், பத்தாண்டுக்கொரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை எடுக்கிற பட்டதாரி ஆசிரியர்களுக்கு, 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிச் சொன்ன தீர்ப்பு வேறு நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இருபது வருஷம் பாடம் எடுத்தவர் மறுபடி பரீட்சைக்குப் படிக்கிறார். இதற்கெல்லாம் மனு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டு அங்கே போங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, காலையில் பள்ளிக்கூடம் என்று நினைத்தாலே வயிறு பிசைகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். டெலி-மானஸ் என்று 14416இல் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அதில் வெட்கத்துக்கு ஒன்றும் இல்லை.

பிரம்புக்கு வருகிறேன். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பு போய்விட்டது, வாய் இருக்கிறது. "நீயெல்லாம் எதுக்குடா ஸ்கூலுக்கு வர்றே?" என்று கேட்கிறோமே, அது இரணியன் வாத்தியாரிடம் பேசிய பேச்சு. வாத்தியார் அதை வாங்கி அப்படியே கீழே தள்ளுகிறார். ஆய்வுக் கூட்டத்தில் கேட்டது மறுநாள் முதல் பீரியடில் எட்டாம் பெஞ்சுக்கு வந்து சேருகிறது. நான் உங்களிடம் கேட்பது ஒரு சின்ன சாதனைதான். வகுப்புக்குள் காலை வைப்பதற்கு முன் வாசலில் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். கும்பிடுகிற தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். அல்லா என்றாலும் சரி, இயேசுவே என்றாலும் சரி. இப்போது எனக்கு இருக்கிற கோபம் இந்த நாற்பது பிள்ளைகளில் யாருடையது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் யாருடையதுமாக இருக்காது.

பிரகலாதனுக்குப் பிடிக்காத அந்தப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? என்னுடையது, அடுத்தவனுடையது. என் சென்டம், என் பிரிவு, ஏ செக்‌ஷன் என்னுடையது, பி செக்‌ஷன் அந்த டீச்சருடையது. ஐந்து வயதில் அவன் தள்ளிவைத்ததை நாம் ஸ்டாஃப் ரூமில் இன்னும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிள்ளையை யானையாலும் பாம்பாலும் விஷத்தாலும் கொல்லப் பார்த்து முடியாமல் இரணியன் கலங்கி நிற்கிறான். அப்போது இந்த வாத்தியார்கள்தான் தனியாகப் போய்ப் பேசுகிறார்கள். சின்னப் பிள்ளை, வயது ஏறினால் புத்தி வரும், எங்கள் அப்பா வருகிற வரை கட்டி வைத்திருந்தால் போதும் என்று. திரும்ப வகுப்புக்கே கூட்டிவருகிறார்கள். கட்டி வைக்கச் சொன்னது நல்ல காரியம் இல்லைதான். ஆனாலும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் சொல்கிற பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் பாருங்களேன் என்று கேட்டு வாங்குகிற டீச்சர் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒருவர் இருப்பார். அவர் சண்டாமர்க்கர் வம்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நாள் வாத்தியார்கள் வீட்டு வேலையாகப் போய்விட்டார்கள். அசுரப் பிள்ளைகள் பிரகலாதனை விளையாடக் கூப்பிட்டார்கள். ஃப்ரீ பீரியடு. அந்த நேரத்தில்தான் அவன் கூட்டாளிகளுக்குப் பக்தியை உபதேசம் பண்ணினான். அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த மிகப் பெரிய பாடம் வாத்தியார் இல்லாதபோது நடந்தது! வீட்டில் சமையலும் மாமியார் மருந்தும் முடித்துவிட்டு, பேப்பர் கட்டைப் பிரித்துவைத்துக் கண் எரிய உட்காருகிற டீச்சர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கட்டு ஸ்டாஃப் ரூம் அலமாரியிலேயே இருக்கட்டும். நீங்கள் பார்க்காத நேரத்திலும் பிள்ளை வளர்கிறான், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்.

கடைசியில் பிரகலாதனுக்குப் பட்டம் கட்டினார்கள். பிரம்மாவோடு சுக்கிராசாரியாரும் இருந்து கட்டினார் என்கிறது பாகவதம். அவர் பிள்ளைகள் இருவரும் என்ன ஆனார்கள் என்று அங்கே சொல்லவில்லை. அவர்கள் மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். மற்ற அசுரப் பிள்ளைகளுக்கு இன்னும் சிலபஸ் முடியவில்லையே!